நானூற்று ஒன்றாவது ஆள்

அத்தியாயம் மூன்று

ஒரு மனிதர் வெள்ளிக்கிழமை நானூறு பேருக்குப் புரியாணி போட்டு, நானூறு பேரிடமும் மன்னிப்பு வாங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் யாரோ ஓர் ஆள் மட்டும் மன்னிக்கவில்லை என்று துப்பறிகிறவரைக் கூப்பிட்டால் என்ன நினைப்பது? கிருபன் நினைத்ததும் வாய்விட்டுச் சொன்னதும் இதுதான்: புரியாணியில் இறைச்சி போதவில்லை.

"போதாமல் விட்டிருந்தால் அது உன்னாலைதான்," என்றார் பின் சீற்றிலிருந்த கமலாசனி அக்கா. "நீ மூண்டு தரம் சாப்பிட்டனீ எண்டு கேள்வி."

"மூண்டு தரமும் பொறுத்தனான் அக்கா. அதையும் சொல்லுங்கோவன்."

ஓட்டோ முல்லைத்தீவு வீதியில் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. வண்டி கிருபனுடையது. 'உதவித் துப்பறிவாளர்' என்ற பதவியும் அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டதுதான். முப்பத்தெட்டு வயதாகியும் வாயைக் கட்டப் பழகாதவன். கமலாசனி அக்கா கிளிநொச்சி மாவட்டத்தில், கண்டாவளைப் பக்கத்தில் ஒரு சின்னத் தபாற்கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊராருடைய கடிதங்களைப் பிரிக்காமலே உள்ளே சந்தோசமா சண்டையா என்று சொல்லப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தைச் சும்மா கிடக்க விட மனமில்லாமல், காணாமற்போன பசுவிலிருந்து கலியாணப் பேச்சில் மறைத்த வயது வரை எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

'மஸீனா அரிசி ஆலை' என்ற பச்சைப் பலகைக்குக் கீழே முதலாளி இஸ்ஸதீன் காத்துக்கொண்டு நின்றார். அறுபத்தொரு வயது, அகன்ற தோள், அதைவிட அகன்ற சிரிப்பு. இன்றைக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. இருபத்தைந்து வயதில், முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டி வந்தபோது, ஒரு பையோடு இடம்பெயர்ந்து புத்தளம் போனவர். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து, பற்றைக் காடாகக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி, மனைவியின் பெயரில் ஆலை போட்டார். ஈரம், சாக்கு, தூசி என்று சாட்டுச் சொல்லி நிறையில் கிலோக் கழிக்காத முதலாளி என்று சுற்றுவட்டாரத்தில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்குத்தான் நானூறு பேர் வந்தார்கள். கிருபன் மட்டும் புரியாணிக்கு வந்தான்.

"இருங்க, இருங்க," என்று இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார். "தம்பி, மணி என்ன?"

"பத்தேகால், முதலாளி."

"இன்னும் எட்டு நாள்ல எனக்கு ஹஜ்ஜுக்குப் பயணம்," என்றார் இஸ்ஸதீன். "போறதுக்கு முதல் எல்லார்கிட்டயும் பொறுத்துக்கச் சொல்லிக் கேக்கணும். அது எங்கட வழக்கம். ஒரு மனுசன் மனவருத்தத்தோட இருக்க நான் அங்க போய் நிண்டு என்ன பிரயோசனம்? வெள்ளிக்கிழமை மைக்கில கேட்டன். 'தெரிஞ்சும் தெரியாமலும் நான் ஏதும் பிழை செய்திருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க' எண்டு. எல்லாரும் ஒரே குரல்ல 'பொறுத்தம்' எண்டாங்க. திங்கக்கிழமை காலைல கேற் பெட்டியில இது கிடக்கு."

ஒரு நீலக் கடித உறையை நீட்டினார். கமலாசனி அக்கா உள்ளே இருந்ததைத் தொடவில்லை. முதலில் உறை, பிறகுதான் கடிதம் என்பது அவருடைய சட்டம். முன்னே திருப்பினார், பின்னே திருப்பினார், மூடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"முத்திரை இல்லை. கொண்டுவந்து போட்டிருக்கினம். ஒட்டினது பசையாலை இல்லை, சோத்தாலை. பார், மஞ்சள் சோறு."

"புரியாணி," என்றான் கிருபன். அந்த நிறம் அவனுக்கு மறக்கவில்லை. "அப்ப சந்தேகப்பட நானூறு பேர் இருக்கினம். என்னையும் சேர்த்து."

"உன்னை விட்டிடலாம். நீ ஒரு பருக்கை மிச்சம் வைச்சிருக்க மாட்டாய்." அக்கா இஸ்ஸதீன் பக்கம் திரும்பினார். "நீங்கள் எடுக்கேக்கை இது காய்ஞ்சிருந்ததோ?"

"இல்ல. கொஞ்சம் ஈரமா இருந்தது. லேசா உரிஞ்சு வந்திட்டுது."

அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே இருந்ததை எடுத்தார். ஆலை புதுவருடத்துக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற நாட்காட்டியில் கிழித்த ஒரு தாள். அதன் பின்பக்கத்தில், கோணல்மாணலாக, ஒரேயொரு வரி.

*நான் பொறுக்கவில்லை.*

"இடக்கையாலை எழுதியிருக்கினம்," என்றார் அக்கா. தாளைத் திருப்பி மேசையில் வைத்தார். முன்பக்கத்தில், போன வருடம், பெப்ரவரி 14, வெள்ளிக்கிழமை.

"காதலர் தினம்," என்றான் கிருபன் உடனே. "முதலாளி, நான் ஒண்டும் கேக்கேல்லை."

இஸ்ஸதீன் சிரிக்கவில்லை. கையை நீட்டித் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தார். அக்கா அதைத் திரும்பத் தேதிப் பக்கம் புரட்டினார். சற்று நேரத்தில் இஸ்ஸதீன் பேச்சோடு பேச்சாக அதை மறுபடியும் கவிழ்த்தார். சீட்டாட்டம்போல இது இன்னொரு முறையும் நடந்தது.

"அண்டைக்கு என்ன நடந்தது?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்டேகால் வருசத்துக்கு முந்தின கதை. எப்பிடி ஞாபகம் இருக்கும்? அறுவடைக் காலம். ஆலை முழுக்கச் சனம்." அவர் எழுந்து யன்னலடிக்குப் போனார். "யாருக்கு என்ன செய்தன் எண்டு கண்டுபிடிச்சுத் தாங்க. கால்ல விழுந்தாவது கேக்கிறன். தம்பி, இப்ப மணி என்ன?"

"பத்து இருபத்தைஞ்சு. பத்து நிமிசம்தான் போயிருக்கு முதலாளி."

---

நிறுவைத் தட்டடியில் குகதாசன் நெல் மூட்டை ஒன்றை நிறுத்துக்கொண்டிருந்தார். ஆலை தொடங்கிய நாளிலிருந்து தராசைப் பார்க்கிறவர். வார்த்தைகளையும் நிறுத்துத்தான் வெளியே விடுவார்.

"போன வருசம் பெப்ரவரி பதினாலோ," என்றார். "எனக்கு நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் போன நாள். அதுதான் தெரியும்."

"நாரி ஏன் பிடிச்சது?" அக்கா கேட்டார்.

"மூட்டை தூக்கினனான்."

"நீங்கள் நிறுக்கிற ஆள். தூக்கிறதுக்கு எண்டு நாட்டாமைக் கூலியாள் இருப்பரே?"

குகதாசன் முதலாளியின் யன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இருந்தவர். சுடலைமுத்து. பதினொரு வருசம் இஞ்சை மூட்டை இறக்கினவர். அண்டைக்குத்தான் அவர் நிண்ட கடைசி நாள். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு போயிட்டார். மிச்சத்தை நாங்கள் தூக்கினனாங்கள்."

"ஏன் போனவர்?"

"அதை முதலாளியிட்டைக் கேளுங்கோ. முரசுமோட்டையிலை வீடு. இல்லாட்டி அவரிட்டையே கேளுங்கோ." அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு கிராம்கூட வரவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் கிருபன் கேஸை முடித்துவிட்டான். "சுடலைமுத்து. ஆள், நாள், கோவம் மூண்டும் பொருந்துது. அக்கா, நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை போயிடலாம்."

"இடக்கையை என்ன செய்யிறாய்?"

"என்ன இடக்கை?"

"ஒராள் கை மாத்தி எழுதிறது ஏன்? தன்ரை எழுத்தை வாசிக்கிறவர் கண்டுபிடிச்சிடுவர் எண்ட பயத்திலை. பதினொரு வருசம் மூட்டை தூக்கின மனுசன்ரை எழுத்தை முதலாளி எங்கை கண்டவர்?"

கிருபன் இரண்டு கிலோமீற்றர் ஒன்றும் பேசவில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

---

முரசுமோட்டையில் சுடலைமுத்து வயலில் நின்றார். யாருடையதோ வயல். இடுப்பளவு மண்வெட்டியோடு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய மனிதர், தோள் இன்னும் மூட்டைக்காரத் தோள்தான். அக்கா வந்த காரியத்தைச் சொல்லி நாட்காட்டித் தாளைக் காட்டினார். அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அதை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் தேதியைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"இது நான் எழுதல்லீங்க," என்றார். "எழுதியிருந்தா நேர்ல போய்க் குடுத்திருப்பேன்."

"அண்டைக்கு என்ன நடந்தது?"

அவர் வரம்பில் குந்திக்கொண்டார். சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போய்ட்டு ரெண்டு மணிக்குத் திரும்பி வந்தாரு. மேசையில கழட்டி வச்ச கைமணிக்கூட்டக் காணல்லன்னாரு. புத்தளத்தில இருக்கிறப்போ அவங்க வாப்பா குடுத்ததாம். அந்த நேரம் முதலாளியோட கந்தோர் அறைக்குள்ள தண்ணி குடிக்கப் போனது நான் ஒருத்தன்தான். நெல்லோட உழவு மெசின் பதினொண்ணு வரிசையில நிக்குது. அத்தனை பேரும் என்னைத் தெரிஞ்சவங்க. அவங்க முன்னால சாப்பாட்டுப் பெட்டியத் திறக்கச் சொன்னாரு, திறந்தேன். மடிய அவுக்கச் சொன்னாரு, அவுத்தேன். மடியில வெத்திலையும் பிள்ளையோட மருந்துத் துண்டும் இருந்துச்சு. அவ்வளவுதான்."

கிருபனுக்கு ஏதோ பகிடி வாய்வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"பிறகு மன்னிப்புக் கேட்டவரோ?"

"இல்ல. 'சரி, போய் வேலையப் பாரு'ன்னாரு. நான் வேலையப் பார்க்கல்ல, வீட்டுக்கு வந்திட்டேன். களவெடுத்தேன்னு யாரும் சொல்லல்ல. எடுக்கல்லன்னும் யாரும் சொல்லல்ல. அதுக்குப் பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் 'ஆள் இருக்கு' என்கிறாங்க." அவர் மண்வெட்டியின் பிடியைத் தடவினார். "ஒரு வாரம் போய் முதலாளி ஆள் மூலமா ஒரு மூட்டை அரிசி அனுப்பினாரு. எதுக்குன்னு சொல்லல்ல. எதுக்குன்னு தெரியாத அரிசிய எப்படி உலையில போடுறது? கோயில்ல அன்னதானத்துக்குக் குடுத்திட்டேன்."

"வெள்ளிக்கிழமை விருந்துக்கு உங்களுக்குச் சொன்னவையோ?"

"நானூறு பேருக்குச் சொன்னாங்களாம்," என்றார் சுடலைமுத்து. "நான் அதுக்கு அடுத்த ஆளாக்கும்."

அக்கா புறப்படக் குடையை விரித்தார். "ஒண்டு கேக்கிறன். அவர் வந்து கேட்டால் பொறுப்பியளோ?"

"தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல்லியே, யோசிச்சுப் பார்க்க."

---

திரும்பி வருகிற வழியில் விசுவமடுவில் நிறுத்திப் பிளேன்ரீ குடித்தார்கள். கிருபன் தன் புதிய முடிவை அறிவித்தான். "அப்ப எழுதினது சுடலைமுத்தர்ரை மனுசி."

"அவவின்ரை எழுத்தை மட்டும் முதலாளி எங்கை கண்டவர்? சரி, நீ ஒண்டு சொல்லு. உன்ரை மணிக்கூடு துலைஞ்சால் என்ன செய்வாய்?"

"இரண்டு நாள் தேடுவன். பேந்து மனுசி ஏசுவா. பேந்து புதுசு வாங்குவன்."

"இத்தினை பெரிய ஆலை வைச்சிருக்கிற மனுசன் ஒண்டேகால் வருசமாப் புதுசு வாங்கேல்லை. வாறவன் போறவனிட்டையெல்லாம் மணி கேக்கிறார். இண்டைக்கு உன்னட்டையே இரண்டு தரம். ஏன் வாங்கேல்லை?"

கிருபன் கோப்பையைக் கீழே வைத்தான். "வாப்பா தந்த மணிக்கூட்டின்ரை கவலையிலை?"

"துலைச்சவன் புதுசு வாங்குவான், கிருபன். திரும்பக் கண்டெடுத்திட்டு, அதைக் கட்டிக்கொண்டு வெளியிலை வரவும் ஏலாமல், புதுசு வாங்கினால் வீட்டிலை 'ஏன், பழசுக்கு என்ன' எண்டு கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லவும் ஏலாமல் நிக்கிறவன்தான் வெறுங்கையோடை திரிவான்."

கிருபன் மெல்ல மெல்லத் தலையை ஆட்டத் தொடங்கினான். "அப்ப அந்த அரிசி மூட்டை..."

"ஓம். கள்ளன் எண்டு நினைக்கிற ஆளுக்கு ஆரும் அரிசி அனுப்பிறேல்லை. ஓட்டோவை எடு. ஆலைக்கு இல்லை, வீட்டுக்கு."

---

வீடு ஆலைக்குப் பின்னால் மதிலோடு ஒட்டி இருந்தது. முதலாளியின் மனைவி மஸீனா இனிப்பு வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். மெலிந்த, அமைதியான பெண்மணி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றார். முதலாளி கதிரை நுனியில் இருந்தார். கிருபன் வட்டிலப்பத்தை முதலில் சாட்சிப் பொருளாகத்தான் பார்த்தான். பிறகு கடமை தவறினான்.

"கண்டுபிடிச்சாச்சோ?" இஸ்ஸதீன் கேட்டார்.

"நாளையும் கண்டுபிடிச்சாச்சு, ஆளையும் கண்டுபிடிச்சாச்சு. உங்களுக்கு நாள் முதலே தெரியும். அதுதான் தாளைக் கவிட்டுக் கவிட்டு வைச்சனீங்கள். இது வேறை ஏதாவது சின்னப் பிழைக்கு வந்த கடிதமா இருக்கட்டும் எண்டு நேந்துகொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறியள்."

இஸ்ஸதீன் வெறும் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார்.

"மணிக்கூடு எங்கையிருந்து கிடைச்சது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

பதில் குசினி வாசலிலிருந்து வந்தது.

"ஜுப்பாப் பையில," என்றார் மஸீனா. "வெள்ளிக்கிழமைக்கு மட்டும் போடுற வெள்ளை ஜுப்பா. வுளூவுக்குக் கை கால் கழுவக்குள்ள மணிக்கூட்டைக் கழட்டி அதில போட்டிருக்கிறார். தொழுதிட்டு வந்து ஜுப்பாவைக் கழட்டிக் கொழுவிட்டு, வேற சேட்டு ஒண்டு மாத்திக்கொண்டு ஆலைக்குப் போய், மேசையில வச்சனான் எண்டு சத்தம் போட்டிருக்கிறார். அடுத்த நாள் நான் உடுப்புத் துவைக்கக்குள்ள எடுத்துக் கையில குடுத்தன்."

"சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்," என்றார் இஸ்ஸதீன். "சொல்லத்தான் வெளிக்கிட்டன். ஆலை வாசல் மட்டும் போனன். அம்பது பேர் வேலை செய்யிற இடம். முதலாளியே பொய்யாச் சத்தம் போட்டவர் எண்டு தெரிஞ்சா, பிறகு என்ர சொல்லை ஆர் மதிப்பாங்க எண்டு நினைச்சன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் எண்டு ஒரு கிழமை போனது. வெக்கத்தில அரிசி அனுப்பினன். மணிக்கூட்டை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினன்."

"அப்ப கடிதம் சுடலைமுத்து எழுதினதுதானே?" என்று கேட்டுக்கொண்டு இஸ்ஸதீன் நிமிர்ந்தார்.

"இல்லை," என்றார் அக்கா. "உறை திங்கக்கிழமை காலமை ஈரமா இருந்தது எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். அப்ப சோறு திங்கக்கிழமைதான் ஒட்டினது. சமைச்சதோ வெள்ளிக்கிழமை. இந்த வெயிலுக்கு அடுத்த நாளே புளிச்சிருக்கும். இது புளிக்கேல்லை, நான் மோந்து பார்த்தனான். பிறிஜ்ஜிலை இருந்த சோறு. பார்சல் கட்டிக்கொண்டு போனவை அதை மூண்டு நாளைக்கு வைச்சிருக்க மாட்டினம், கிருபனைப் போலை வழியிலையே முடிச்சிருப்பினம். சமைச்ச வீட்டிலைதான் மிச்சம் கிடக்கும். பிறகு, உங்களுக்கு நல்லாப் பழகின கையெழுத்து. இடக்கைக்கு மாத்த வேண்டின கையெழுத்து. அந்த மணிக்கூடு கிடைச்சது எண்டு தெரிஞ்ச ஒரேயொரு ஆள்."

இஸ்ஸதீன் திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தார். கிருபன் கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு இருந்துவிட்டான்.

"நானூறு பேருக்கு நான்தான் சமைச்சன்," என்றார் மஸீனா. "சமைச்சுக்கொண்டு நிக்கக்குள்ள மைக்கில கேட்டது. தெரிஞ்சும் தெரியாமலும் எண்டீங்க. எல்லாரும் பொறுத்தம் எண்டாங்க. எனக்குச் சட்டி கையில சுட்டது. பொறுக்க வேண்டிய ஆளுக்குச் சொல்லவே இல்ல. அல்லாஹ்வுக்குச் செய்த பிழைய அல்லாஹ் மன்னிப்பான், மனுசனுக்குச் செய்ததை அந்த மனுசன்தான் பொறுக்கணும் எண்டு பிள்ளைகளுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"என்னட்ட நேரே சொல்லியிருக்கலாமே, மஸீனா."

"ஒண்டேகால் வருசமாச் சொன்னன். உங்களுக்குக் கேக்கல்ல. கடுதாசி வந்த உடனே கிளிநொச்சிக்குப் போன் எடுத்து ஆள் கூப்பிட்டீங்க." அவர் முதல் முறையாக லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஆலையில உள்ளது என்ர பேர். அந்தப் பலகைக்குக் கீழதான் அந்த மனுசன் மடிய அவிழ்த்தது. அந்தத் தாளை மணிக்கூடு கிடைச்ச அண்டைக்கே கிழிச்சு வச்சன். அந்த நாளை மற்ற நாள்களோட குப்பையில போட எனக்கு மனம் வரல்ல."

இஸ்ஸதீன் எழுந்து அறைக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது இடக்கையில் மணிக்கூடு இருந்தது.

"வேனை எடுக்கச் சொல்றன். இப்பவே போய்க் கேட்டிட்டு வாறன்."

"வேனில போனா முதலாளியாப் போவீங்க," என்றார் மஸீனா. "ஓட்டோவில போங்க. அவர் எங்க வச்சுக் கேக்கச் சொல்றாரோ அங்க வச்சுக் கேளுங்க."

அன்றைக்குப் பின்னேரம் கிருபன் அவரை முரசுமோட்டைக்கு ஏற்றிக்கொண்டு போனான். பிதுங்கி வழிகிற மாதிரித்தான் முதலாளி அந்தச் சீற்றில் இருந்தார். போகும்போதும் வரும்போதும் ஒரு தடவைகூட மணி கேட்கவில்லை. கடிதம் யாருடையது என்று முதலாளி சொன்னதைக் கேட்டுவிட்டு, சுடலைமுத்து வாசற் படலையடியில் நின்றே சொல்லிவிட்டார்: வீட்டில் வேண்டாம், தராசடியில். சோதனை போட்ட அன்றைக்கு நின்றவர்கள் நிற்கட்டும்.

---

மறுநாள் பத்து மணிக்குத் தராசடியில் ஆள் கூடிவிட்டது. அன்றைக்கு வரிசையில் நின்ற பதினொரு உழவு மெசின்காரர்களையும் குகதாசன் பெயர் பெயராக நினைவு வைத்திருந்தார். ஒன்றும் ஞாபகமில்லை என்ற அதே குகதாசன்தான். ஒருவர் வவுனியாவுக்குப் போய்விட்டார், மற்றப் பத்துப் பேரும் வந்திருந்தார்கள். புரியாணி இல்லாமலும் இத்தனை பேர் வருவார்கள் என்று கிருபன் எதிர்பார்க்கவில்லை.

சுடலைமுத்து சலவைச் சேட்டுப் போட்டு, சாரம் கட்டி, தராசுக்கு முன்னால், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். மஸீனா மதிலடியில் நின்றார். ஆலைக்குள் வந்து ஆட்களோடு நிற்கிறது அவருக்கு வழக்கமில்லை. இன்றைக்கு நின்றார்.

இஸ்ஸதீன் முன்னுக்கு வந்தார். மைக் இல்லை. நாக்கு பழகிய வழியிலேயே ஓடியது.

"சுடலைமுத்து, தெரிஞ்சும் தெரியாமலும் நான் ஏதும் பிழை..."

மதிலடியில் ஒரு சின்ன இருமல் கேட்டது. இஸ்ஸதீன் நிறுத்தினார். கிருபனுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"இல்ல," என்றார் இஸ்ஸதீன். "தெரிஞ்சுதான். களவெடுத்தாய் எண்டு இத்தனை பேருக்கு முன்னால உன்னைச் சோதிச்சன். அது கோவத்தில செய்தது. அடுத்த நாளே மணிக்கூடு என்ர ஜுப்பாப் பையில இருந்து வந்தது. அதைத் தெரிஞ்சுகொண்டே உன்னை ஒண்டேகால் வருசம் கள்ளனாத் திரிய விட்டன். உன்ர வேலை போனதும் என்னால. வேற ஆலையில எடுக்காம விட்டதும் என்னால. இந்தா, இதுதான் அந்த மணிக்கூடு. நீ எடுக்கல்ல. நான்தான் பிழை."

இடக்கையை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார். அலுமாரிக்குள் கிடந்து கிடந்து மணிக்கூடு எப்போதோ நின்றுபோயிருந்தது. முள் ஏழேகாலில் நின்றது. கிருபன் அதைக் கண்டான், சொல்லவில்லை.

பத்துப் பேரில் ஒருவர், கண்டாவளையிலிருந்து வந்த பெரிய வயல் கமக்காரர், தொப்பியைக் கழற்றி, "முத்து, நாங்களும் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள்தானே," என்றார்.

சுடலைமுத்து இஸ்ஸதீனை நேராகப் பார்த்தார். "பொறுத்திட்டேன்," என்றார். "நிம்மதியாப் போய்ட்டு வாங்க. ஆனா வேலைக்குத் திரும்பி வாங்கன்னு கேக்காதீங்க. இந்த எடத்தில நின்னு இனி எனக்கு மூட்டை தூக்க ஏலாது. மத்த ஆலைக்காரங்ககிட்ட ஒரு சொல் சொல்லிவிடுங்க, அது போதும்."

"நானே கூட்டிக்கொண்டு போறன்," என்றார் இஸ்ஸதீன். "ஒவ்வொரு ஆலையா. பயணத்துக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு." அழுதுகொண்டிருந்ததை அவர் மறைக்கவில்லை.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். சுடலைமுத்துவை முரசுமோட்டையில் இறக்கிவிடக் கிருபன் ஓட்டோவைத் திருப்பினான். ஏறுவதற்கு முன் சுடலைமுத்து கமலாசனி அக்காவிடம் வந்தார்.

"அந்தத் தாளை எனக்குத் தர்றீங்களா?"

"ஏன்? அது உங்கடை கடிதம் இல்லையே."

"அதுதான் வேணும்," என்றார் சுடலைமுத்து. மதிலடியில் நின்ற பெண்மணியை ஒரு தடவை பார்த்தார். "ஆறு மாசத்தில என் பொண்டாட்டியே 'விட்டுத்தள்ளுங்க'ன்னுட்டா. ஊரும் மறந்திருச்சு. நானும் மறந்திட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்காகப் பொறுக்காம ஒருத்தவங்க இருந்திருக்காங்க."

அக்கா கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். துப்பறிகிற தொழிலில் சாட்சிப் பொருளைத் தூக்கிக் கொடுப்பது முறையில்லை என்று கிருபன் சொல்லியிருப்பான். அன்றைக்குச் சொல்லவில்லை.

சுடலைமுத்து அந்தத் தாளை நாலாக மடித்தார். தராசடியில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சாரத்தின் மடியைத் தானே அவிழ்த்து, தாளை உள்ளே வைத்து, இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு ஓட்டோவில் ஏறி இருந்தார்.

"போகலாம் தம்பி," என்றார்.